கிளினிக் ஊசிக்குப் பிறகு பிள்ளைக்குப் பாதிப்பு: நட்டஈடு கேட்கலாமா?

யாழ்ப்பாணத்துக் கைதடியில் இருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு 18ஆம் மாத ஊசியைக் கிளினிக்கில் தொடையில் போட்டிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல், ஊசி போட்ட இடம் கல்லுப்போல வீக்கம். பத்தாம் நாள் சீழ் கட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து வெட்டி எடுத்தார்கள், 12 நாள் வார்டில் இருந்தார்கள். இப்போது ஐந்து மாதம் ஆகிறது. தழும்பு இருக்கிறது, ஓடும்போது பிள்ளை அந்தக் காலை இழுக்கிறான். கிளினிக்கில் கேட்டால், "அது ஊசியால வந்ததில்லை, பிள்ளையின்ரை உடம்பு வாகு" என்கிறார்களாம். லண்டனில் இருக்கும் தமையனோ, "இஞ்ச 120,000 பவுண் குடுக்கிறாங்கள், நீயும் கேஸ் போடு" என்கிறாராம். நட்டஈடு கேட்கலாமா, எங்கே போவது என்பது கேள்வி.

தங்கச்சி, கேட்கலாம். ஆனால் தமையன் சொல்லும் வழியில் கேட்க முடியாது. அந்த வேறுபாடு விளங்கினால்தான் இனி நீங்கள் எதைத் தேட வேண்டும் என்பது விளங்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒரு சொல். நான் யாழ்ப்பாண நீதிமன்றங்களில் இருபது வருடங்களுக்கு மேலாக நிற்கும் சட்டத்தரணி. என் அம்மா குடும்பநல மாது. சண்டைக் காலத்திலும் ஐஸ் கட்டி வைத்த பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு ஊசி போடப் போனவர். 1990களில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காக இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்தி வைத்ததை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி பதிவானது 1993இல். ஆகவே ஊசிக்கு எதிராக நான் ஒரு வரியும் எழுதப் போவதில்லை. ஊசியை நம்பிப் பிள்ளையைக் கொண்டுபோன தாய்க்கு ஒன்று பிழைத்துவிட்டால், அவருக்கு மரியாதையான பதில் கிடைக்க வேண்டும் என்று நினைப்பவன் நான். அவ்வளவுதான்.

சரி, லண்டன் கதைக்கு வருவோம். தமையன் சொல்வது பொய் இல்லை. பிரித்தானியாவில் 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஊசியால் 60 வீதத்துக்குக் குறையாத நிரந்தரப் பாதிப்பு வந்தது என்று தீர்மானிக்கப்பட்டால் 120,000 பவுண் ஒரே தடவையில் கொடுப்பார்கள். யார் பிழை விட்டது என்று அங்கே நிரூபிக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இப்படி ஒரு நிதி இருக்கிறது. ஒவ்வொரு ஊசி மருந்துக்கும் விதிக்கும் சிறு வரிப்பணத்தில் அது நடக்கிறது. ஜேர்மனி இதை 1961இலேயே தொடங்கிவிட்டது. கனடா முழுவதற்கும் 2021இல் வந்தது. ஆனால் இவை எல்லாம் அந்தந்த நாட்டு ஊசித் திட்டத்துக்கு உரியவை. கைதடியில் போட்ட ஊசிக்கு லண்டனில் விண்ணப்பிக்க முடியாது, தமையன் அந்த நாட்டுக் குடியுரிமை வைத்திருந்தாலும்.

இலங்கையில் பிள்ளைகளின் வழமையான தடுப்பூசிகளுக்கு அப்படிப்பட்ட நிதி இல்லை. இங்கே நட்டஈட்டுக்கு இருக்கும் பிரதான வழி, டச்சுக்காரர் காலத்தில் இருந்து இங்கே நிற்கும் உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் போடும் வழக்கு. (சிலர் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் இதற்கு இடம் உண்டா என்று கேட்கிறார்கள். தேசவழமை முக்கியமாகச் சொத்து, சீதனம், முதுசம் பற்றியது. இந்த விசயம் அதற்குள் வராது.) அந்த வழக்கில் நீங்கள் மூன்றைக் காட்ட வேண்டும். யாரோ ஒருவர் கவனயீனமாக நடந்தார். அந்தக் கவனயீனத்தால்தான் பிள்ளைக்கு இந்தப் பாதிப்பு வந்தது. அதனால் உங்களுக்கும் பிள்ளைக்கும் இன்னின்ன இழப்பு. "ஊசி போட்டார்கள், பிறகு இப்படி ஆனது" என்பது மட்டும் போதாது. மூன்றில் ஒன்று விழுந்தாலும் வழக்கு விழுந்துவிடும்.

இதில் எங்கள் ஆட்கள் அதிகம் தோற்பது இரண்டாவதில். அதற்கு இந்த நாட்டின் பெரிய உதாரணம் பேராசிரியர் பிரியாணி சொய்சா வழக்கு. கொழும்பில் ஒரு சின்னப் பிள்ளைக்கு மூளைத் தண்டில் கட்டி இருந்தது, வேறு நோய் என்று நினைத்து வைத்தியம் நடந்தது, பிள்ளை 1992இல் இறந்துவிட்டது. தகப்பன் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா கொடுக்கச் சொன்னது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டும், அந்தக் கவனயீனத்தால்தான் பிள்ளை இறந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. பிள்ளையை இழந்த துயரத்துக்கென்று பெற்றோர் பணம் கேட்க இந்தச் சட்டத்தில் இடமில்லை, கணக்குக் காட்டக்கூடிய இழப்புக்கே இடமுண்டு என்பதும் அந்தத் தீர்ப்பில் இருந்து வருவதுதான். ஒன்பது வருடம் நடந்து கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பிழை விட்டார்கள் என்பதைக் காட்டுவதிலேயே முழுப் பலத்தையும் செலவழித்துவிட்டு, தொடர்பைக் காட்ட மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி உங்கள் மகனின் கால். ஊசிக்குப் பிறகு வரும் பாதிப்பைச் சுகாதாரத் துறை ஐந்து விதமாகப் பிரிக்கும். மருந்தின் இயல்பான விளைவு, மருந்தின் தரக் குறைபாடு, போட்ட விதத்தில் பிழை, ஊசிப் பயத்தால் வரும் மயக்கம் போன்றவை, ஊசியோடு தற்செயலாகச் சேர்ந்து வந்த வேறு நோய். சட்டப்படி உங்களுக்கு உதவுவது முக்கியமாக இரண்டாவதும் மூன்றாவதும். முதலாவது நிஜமாகவே ஊசியால் வந்தாலும், அதில் எவருடைய பிழையும் இல்லை என்றால் இங்கே நட்டஈடு இல்லை. இதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

சீழ்க் கட்டியைப் பொறுத்தவரை உங்களுக்கு ஒரு நல்ல பக்கம் இருக்கிறது. ஊசி போட்ட இடத்தில் சீழ் பிடிப்பது இரண்டு விதம். ஒன்று கிருமி இல்லாத சீழ். 18ஆம் மாதத்தில் போடும் முக்கூட்டு ஊசியில் (தொண்டைக்கரப்பன், கக்குவான், ஏற்புவலி மூன்றுக்கும் ஒன்றாக உள்ளது) கலந்திருக்கும் அலுமினிய உப்புக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பால் வரலாம், மருந்து தசைக்குள் போகாமல் தோலுக்குக் கீழேயே நின்றுவிட்டாலும் வரலாம். மற்றது கிருமி உள்ள சீழ். அந்தக் கிருமி ஒரு வழியால் உள்ளே வந்திருக்க வேண்டும்: குப்பி, ஊசி, போட்டவர் கை, தோல், அல்லது பிறகு வீட்டில். ஆஸ்பத்திரியில் வெட்டும்போது சீழைச் சோதனைக்கு அனுப்பியிருந்தால், அதன் கல்ச்சர் ரிப்போர்ட்தான் உங்கள் வழக்கின் முதல் தாள். அதில் என்ன கிருமி வளர்ந்தது, அல்லது ஒன்றும் வளரவில்லை என்பதைப் பார்க்காமல் எந்தச் சட்டத்தரணியும் உங்களுக்கு உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

அடுத்த கேள்வி, ஊசி எந்த இடத்தில் ஏறியது? சின்னப் பிள்ளைக்குத் தொடையின் முன்பக்கத்து வெளிப்புறத்தில், நடுப்பகுதியில் போடுவதுதான் முறை. இன்றைக்கே தழும்புக்குப் பக்கத்தில் தையல் டேப்பை வைத்து, முழங்காலும் இடுப்பும் தெரியும்படி நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். தழும்பு பின்பக்கம், குண்டிப் பக்கம் என்றால் கதையே வேறு. அங்கே பெரிய நரம்பு ஓடுகிறது, காலை இழுப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எந்தப் பக்கமாக இருந்தாலும் பிள்ளையை எலும்பியல் நிபுணரிடமும் நரம்பியல் நிபுணரிடமும் காட்டி, இழுப்பது தசையாலா நரம்பாலா என்று எழுத்தில் வாங்குங்கள். வழக்குக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த வயதில் பிசியோதெரபி தொடங்கினால் கால் நன்றாகத் தேறும் வாய்ப்பு அதிகம். அது தீர்ப்புக்குக் காத்திருக்க முடியாத விசயம்.

இப்போது மிக முக்கியமானது. அன்று அதே கிளினிக்கில் ஊசி போட்ட மற்றப் பிள்ளைகள் யார்? முக்கூட்டு ஊசி பல பிள்ளைகளுக்குப் போடக்கூடிய குப்பியில் வருவது. ஒரே குப்பியில் இருந்து போட்ட இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கிழமையில் கட்டி வந்திருந்தால், "உடம்பு வாகு" என்ற பதில் அந்த இடத்திலேயே செத்துப்போகும். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் உடம்பு வாகு வராது. ஒருவருக்கும் வரவில்லை என்றால் உங்கள் வழக்குப் பலவீனம் என்று அர்த்தமில்லை, ஆனால் வேறு வழியால் காட்ட வேண்டும். தாய்மாரிடம் நேரில் போய்க் கேளுங்கள். வாங்கில் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர், முன்னுக்குப் பின்னுக்கு நம்பர் எடுத்தவர், இவர்களை உங்களுக்கு இப்போது ஞாபகம் இருக்கும். இரண்டு வருடம் கழித்து இருக்காது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் வடமராட்சிப் பக்கத்தில் இருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். ஊசிக்குப் பிறகு மகளுக்குக் கை வீங்கிப் பழுதான விசயம். எந்த இடம் என்று எழுதமாட்டேன். அவர் கொண்டுவந்த பொலித்தீன் பையில் ஆஸ்பத்திரித் தாள்கள் குறைவு. ஆனால் அடுப்படிச் சுவரில் இருந்து கிழித்த நாட்காட்டித் தாள்கள் பதினேழு இருந்தன. ஒவ்வொரு நாள் தாளின் பின்பக்கத்திலும் பென்சிலால் எழுதியிருந்தார்: "காய்ச்சல் 102, பனடோல் காலை 6, மத்தியானம் 12", "வீக்கம் முட்டைக் கோப்பை அளவு", "மிஸ்ஸிடம் காட்டினேன், ஒத்தடம் போடச் சொன்னா". ஒரு தாளில் மஞ்சள் கறைகூட இருந்தது. வீக்கத்தைக் காட்டிய நாளும், வைத்தியரிடம் அனுப்பாமல் திருப்பி அனுப்பிய நாளும் அதில் இருந்தன. எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணி அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அதன்பிறகு தேதிகளைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்தவர் அந்த நாளிலேயே எழுதிய எழுத்துக்கு நீதிமன்றத்தில் தனி எடை இருக்கிறது. உங்களிடம் அப்படி ஒன்றும் இல்லாவிட்டால், இன்று இரவே இருந்து ஞாபகத்தில் உள்ளதைத் தேதி வாரியாக எழுதுங்கள். "ஐந்து மாதத்துக்குப் பிறகு எழுதியது" என்று மேலே நேர்மையாகப் போடுங்கள். தொலைபேசியில் எடுத்த படங்கள், தமையனுக்கு அனுப்பிய வட்ஸ்அப் குரல் பதிவுகள், எல்லாவற்றிலும் தேதி இருக்கும். ஒன்றையும் அழிக்க வேண்டாம்.

அதே கொப்பியில் வீட்டில் செய்ததையும் எழுதுங்கள். நல்லெண்ணெய் தடவினீர்களா, சூடான துணியால் ஒத்தடம் கொடுத்தீர்களா, மாமி ஏதாவது பத்துப் போட்டாவா? மறைக்க வேண்டாம். எதிர்ப்பக்கம் இதைக் கட்டாயம் கேட்கும். முதல் தடவை நீதிமன்றத்தில்தான் உங்கள் சட்டத்தரணி இதைக் கேள்விப்படுகிறார் என்றால் அது உங்களுக்குத்தான் கூடாது.

இனி அவர்களிடம் இருக்கும் தாள்கள். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில், அதுதான் நாங்கள் கிளினிக் கொப்பி என்று சொல்வது, ஊசிப் பக்கத்தில் தேதியும் தொகுதி இலக்கமும் (மருந்து எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று காட்டும் இலக்கம்) எழுத ஓர் இடம் இருக்கும். பாருங்கள், எழுதியிருக்கிறார்களா? வெற்றிடமாக இருந்தால் அப்படியே படம் எடுங்கள், பிறகு ஒருவரும் அதில் நிரப்பக் கூடாது. மூலக் கொப்பியை எவரிடமும் கொடுத்துவிட்டு வரவேண்டாம், பிரதி மட்டும் கொடுங்கள். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டயக்னோசிஸ் கார்ட் (நோய் விபரச் சுருக்க அட்டை) உங்களிடம் இருக்கும். ஆனால் வார்டில் தாதிமாரும் வைத்தியர்களும் நேரம் போட்டு எழுதிய கட்டில் தலைமாட்டு அட்டை ஆஸ்பத்திரியிலேயே நிற்கும். உண்மையான விசயம் அதில்தான் இருக்கிறது.

ஊசிக்குப் பிறகு வரும் பாதகமான நிகழ்வுகளை அறிவிக்க இந்த நாட்டில் ஒரு முறை இருக்கிறது. கிளினிக்கோ ஆஸ்பத்திரியோ படிவம் நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும், அங்கிருந்து விபரம் கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். பாரதூரமானவற்றை விசாரிக்க வேண்டும். உங்கள் மகன் 12 நாள் வார்டில் இருந்திருக்கிறான், அறிவிக்கப்பட்டிருக்க வேண்டிய விசயம்தான் இது. அறிவித்தார்களா? இல்லை என்றால் நீங்களே சுகாதார வைத்திய அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் பற்றுச்சீட்டைக் கொப்பியில் ஒட்டுங்கள். இந்த அறிவித்தல் முறை வெறும் சம்பிரதாயம் இல்லை. 2008இல் ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் ஐங்கூட்டு ஊசி அறிமுகமான சில மாதங்களில், சில பிள்ளைகளின் இறப்பு அறிவிக்கப்பட்டபோது, அரசு அந்த ஊசியை நிறுத்திவைத்து ஆராய்ந்து, 2010இல்தான் திரும்பத் தொடங்கியது. அறிவித்தால் கேட்பார்கள்.

தாள்களை எடுக்க உங்களுக்கு இருக்கும் ஆயுதம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். ஒருவருடைய மருத்துவப் பதிவை வேறொருவருக்குக் கொடுக்க மறுக்கலாம், ஆனால் சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் அந்த மறுப்பு நிற்காது. தாய் என்ற முறையில் சம்மதக் கடிதத்தையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். கேட்க வேண்டியவை: கட்டில் தலைமாட்டு அட்டையின் பிரதி, சீழ்ச் சோதனை அறிக்கை, அந்த நாள் ஊசிப் பதிவேட்டில் தொகுதி இலக்கம், குப்பி திறந்த நேரம் குறித்திருந்தால் அது, ஊசி வைத்த குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலைப் பதிவு (2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் நிற்க வேண்டும்), அந்த மாதம் வந்த மற்றப் பாதகமான நிகழ்வுகளின் எண்ணிக்கை, அறிவித்தல் படிவத்தின் பிரதி. மற்றப் பிள்ளைகளின் பெயரைக் கேட்க வேண்டாம், தரமாட்டார்கள், தரவும் கூடாது. 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதில் பலர் தடுமாறுகிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் அதன் கிளினிக்குகளும் வடக்கு மாகாண நிர்வாகத்தின் கீழ். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ். ஊசி ஓரிடம், சத்திரசிகிச்சை ஓரிடம் என்றால் இரண்டு தகவல் அதிகாரிகளுக்கும் தனித்தனியாக எழுதுங்கள். தமிழில் எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். வடக்கில் நிர்வாக மொழியும் நீதிமன்ற மொழியும் தமிழ். உங்களிடம் யாராவது வாக்குமூலம் எடுத்தால் அது விளங்கும் மொழியில் இருந்தால் மட்டும் கையெழுத்து வையுங்கள். "எனக்கு முறைப்பாடு இல்லை" என்று ஒரு வரி எங்கேயாவது செருகியிருக்கிறதா என்று இரண்டு தடவை வாசியுங்கள்.

இனி நேரம். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டப்படி இப்படியான நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அரசுக்கு எதிராக என்றால் வழக்கைச் சட்டமா அதிபருக்கு எதிராகவே போடுவது. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 461ஆம் பிரிவின்படி, அதற்கு முதல் எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் பொறுக்க வேண்டும். ஆகவே உங்களுக்கு உண்மையில் இருந்தது 23 மாதம், அதில் ஐந்து போய்விட்டது. பராயமடையாத பிள்ளையின் சொந்த உரிமைக்குச் சட்டம் கொஞ்சம் சலுகை காட்டும். ஆனால் வைத்தியச் செலவு, உங்கள் வேலை போன நாட்கள் இவை பெற்றோரின் இழப்பு, அதற்கு அந்தச் சலுகை கிடையாது. "பிள்ளை 18 வயது ஆனபிறகும் போடலாமாம்" என்று யாராவது சொன்னால் அதை நம்பி இருந்துவிட வேண்டாம். சாட்சிகளும் தாள்களும் அவ்வளவு காலம் நிற்காது.

அரசு தன் ஊழியரின் கவனயீனத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆகவே ஊசி போட்ட மிஸ்ஸை மட்டும் தனியாக இழுத்து நிறுத்தத் தேவையில்லை. இதை நான் மனதோடு சொல்கிறேன். ஒரு நாளைக்கு ஐம்பது பிள்ளைகளுக்கு ஊசி போடும் ஒரு பெண்ணிடம் இருந்து உங்களுக்குத் தேவையானது பணம் இல்லை, அன்று நடந்ததைப் பற்றிய உண்மை. அவரையே எதிரியாக்கினால் அவர் வாய் மூடிவிடும். தனியார் ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி என்றால் வழி வேறு: அந்த நிறுவனத்துக்கு எதிராகவே வழக்கு, அந்த ஒரு மாத அறிவித்தல் தேவையில்லை, தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கும் முறையிடலாம்.

அடிப்படை உரிமை மீறல் மனு பற்றியும் கேட்பீர்கள். அது உயர் நீதிமன்றத்தில், சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டியது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் வராது. யாழ்ப்பாணத்திலும் அவர்களுக்கு அலுவலகம் இருக்கிறது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்த வாசல் உங்களுக்குப் பெரும்பாலும் மூடிவிட்டது. அதை நினைத்து வருந்த வேண்டாம், வெறும் கவனயீனத்துக்கு அது பொருத்தமான வழியும் இல்லை. மருத்துவ சபைக்கு வைத்தியர் ஒருவர் மீது முறையிடலாம், ஆனால் அங்கே நட்டஈடு கிடைக்காது.

எவ்வளவு கேட்பது? பெற்றோருக்கு உரியது: மருந்து, ஸ்கான், ஓட்டோக் காசு, வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம், இனி வரப்போகும் பிசியோதெரபிச் செலவு. பிள்ளைக்கு உரியது: அவன் பட்ட வலி, தழும்பு, ஓடி விளையாட முடியாமை, பெரியவனாகும்போது உழைப்பில் வரும் குறை. பெற்றோரின் துயரத்துக்கு இடமில்லை என்று மேலே சொன்னேன், ஆனால் பாதிக்கப்பட்ட பிள்ளையின் சொந்த வலிக்கு இடம் உண்டு. இதைக் குழப்பிக்கொண்டு "எங்கட மனவேதனைக்கு ஒரு கோடி" என்று மனுவில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கேட்கும் தொகைக்கு ஏற்ப முத்திரைச் செலவும் ஏறும், கணக்கில்லாத தொகை நீதிபதியின் நம்பிக்கையையும் குறைக்கும். ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டுத் தரமாட்டார், ஆகவே ஒவ்வொரு பயணத்தையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

கடினமான இடம் நிபுணர் சாட்சி. யாழ்ப்பாணத்தில் வைத்தியர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒரு கிளினிக்குக்கு எதிராகச் சாட்சி சொல்ல இங்கே ஒருவரைப் பிடிப்பது கஷ்டம். வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு குழந்தை வைத்திய நிபுணரிடம் தாள்களைக் காட்டி அபிப்பிராயம் கேட்பதுதான் நான் வழமையாகச் செய்வது. நீதிமன்றம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்த நிலையில் நியாயமான திறமை உள்ள ஒருவர் எப்படி நடந்திருப்பார்? அதற்குப் பதில் சொல்ல அந்தத் தொழிலைத் தெரிந்த ஒருவர் வேண்டும். தமையன் உதவ விரும்பினால் இந்தச் செலவுக்கு உதவட்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் போங்கள், வருமானத்தைப் பார்த்து வழக்கைப் பொறுப்பெடுப்பார்கள்.

கொரோனா ஊசி பற்றிக் கேட்பவர்களும் இருப்பதால் ஒரு வார்த்தை. அந்த ஊசிகளுக்கு மட்டும் கோவக்ஸ் என்ற உலகத் திட்டத்தோடு சேர்த்து, பிழையை நிரூபிக்கத் தேவையில்லாத ஒரு நட்டஈட்டு ஏற்பாடு இருந்தது, இலங்கையும் அதற்குள் வந்தது. ஆனால் கோவக்ஸ் வழியாக வந்த ஊசிக்கு மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் 2021 மே மாதக் கடைசியில் பொதுமக்களுக்குத் தொடங்கியது சீனா கொடுத்த சீனோபார்ம். ஆகவே உங்கள் அட்டையில் உள்ள ஊசியின் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் பார்க்காமல் அந்த வழியில் நம்பிக்கை வைக்க வேண்டாம்.

எங்கள் நாட்டுக்கும் அப்படி ஒரு நிதி வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். கைதடியில் உங்கள் மகன் ஊசி போட்டதால் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் கக்குவான் வரவில்லை. எல்லோருக்கும் நன்மை போகும்போது, அபூர்வமாக வரும் தீமையை ஒரு தாய் தனியே சுமக்கக் கூடாது. அவர் ஒன்பது வருடம் நீதிமன்றப் படி ஏறக் கூடாது. ஊசி மீது சனத்துக்கு நம்பிக்கை குறைவதற்கு, "உடம்பு வாகு" என்று சொல்லித் தாயைத் திருப்பி அனுப்புவதும் ஒரு காரணம்.

உங்களுக்கு இந்தக் கிழமை செய்ய வேண்டியவை இவை: தழும்பைப் படம் எடுப்பது, கொப்பி எழுதுவது, இரண்டு தகவல் விண்ணப்பம், நிபுணரிடம் ஒரு நாள் எடுப்பது. தாள்கள் வந்தபிறகு ஒரு சட்டத்தரணியோடு இருந்து கதையுங்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டில் கிருமி இருந்து, இன்னொரு பிள்ளைக்கும் கட்டி வந்திருந்தால், சட்டமா அதிபருக்கு அறிவித்தல் அனுப்புவதில் நான் தாமதிக்கமாட்டேன். கிருமி இல்லை, மற்றப் பிள்ளைகள் எல்லாம் சுகம் என்றால், வழக்குக்குப் போகாமல் மாகாண சுகாதாரத் திணைக்களத்திடம் சிகிச்சைச் செலவையும் எழுத்தில் விளக்கத்தையும் கேட்பதே நல்லது என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்வேன்.

மகனுக்கு அடுத்த ஊசி மூன்று வயதில், சின்னமுத்து, கூவைக்கட்டு, ருபெல்லாவுக்கானது. அது வேறு மருந்து. அதை நிறுத்திவிட வேண்டாம். போகும் முன்னமே சுகாதார வைத்திய அதிகாரியைச் சந்தித்து, முன்பு கட்டி வந்ததைச் சொல்லி, எங்கே வைத்து, யாருடைய மேற்பார்வையில் போடுவது என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் வைத்துப் போட ஒழுங்கு செய்யலாம். அன்று தொகுதி இலக்கத்தை உங்கள் கண்முன்னே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.